சோதனைப் பொருள்: ஹெலன் ஜெயராஜ்

நடக்கக் கூடாத எலிகள் நடந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 2004-ஆம் வருஷம் எத்தனையோ அக்கிரமங்கள் நடந்திருக்கும். இரும்பு உருக்கும் கம்பெனிகள் கக்கிய புகையில் வெள்ளை வேட்டியோடு போனவன் சாம்பல் வேட்டியோடு வீடு திரும்பியிருப்பான். அதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்ட பன்னிரண்டு எலிகள் எழுந்து நடந்ததற்காக டைரக்டர் துளசிராமன் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். மருந்துக் கம்பெனிகளுக்குக் கூலிக்குச் சோதனை செய்து கொடுக்கும் லேப் அது. கடல் தாண்டிய ஒரு கம்பெனி என்.பி.417 என்று ஒரு மருந்தை அனுப்பியிருந்தது. முதுகில் அடிபட்டால், அடிபட்ட நரம்பு தான் மட்டும் செத்தோமா என்று இருப்பதில்லை; குளூட்டமேட் என்ற சரக்கை அக்கம்பக்கத்தில் கொட்டிவிட்டுச் சாகிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்புகள் அதை வாங்கி வாங்கிக் குடித்து, வெறியேறி, அவையும் சாகின்றன. அப்படிக் குடிக்கிற வாயை அடைப்பதுதான் 417-இன் வேலை. இருபத்து நான்கு எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, முதுகைத் திறந்து, பத்து கிராம் கம்பியை இரண்டரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மேல் போட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் பன்னிரண்டு எலிகளுக்கு மருந்து, மீதிப் பன்னிரண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது போட்டது என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் பீரோவில் இருந்தது. ஆறு வாரம் கழித்து உறையைப் பிரிக்கும்போது மருந்து எலிகள் நடக்க வேண்டும், உப்புத் தண்ணீர் எலிகள் பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். பிரித்தார்கள். எல்லாம் நடந்தன. உப்புத் தண்ணீர் எலி ஒன்று துளசிராமனின் ஷூ வரைக்கும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"உப்புத் தண்ணிக்கே நடந்தா மருந்துக்கு என்ன மரியாதை?" என்றார் துளசிராமன். அறையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஹெலன் மட்டும் எலியைப் பார்த்தாள். அவள்தான் அந்த எலிகளைப் பார்த்துக்கொள்பவள். பெத்திக்குப்பத்துக்காரி, முப்பத்தெட்டு வயது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கல்யாணப் பெண் நடந்து வருகிற மாதிரி என்னமாய் நடக்கிறது, இதற்குப் போய் இந்த மனுஷன் ஏன் மூக்கால் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அவள் கணவன் ஜெயராஜ் ரோலிங் மில்லில் வேலை பார்த்தான். 2001 ஜனவரியில், ஒழுகுகிற ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அடைக்க மேலே ஏறினான். ஷீட்டு உடைந்து முப்பது அடி கீழே வந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டு, பெண்கள் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே போகலாம். ஹெலன் வெளியே வராந்தாவில் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இருபதாம் நாள் ஒரு நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, திருப்பிப் போடணும், காலை அசைச்சுக் குடுக்கணும், மூத்திரத்தை வேளாவேளைக்கு எடுக்கணும், உங்களுக்கு யாருமே சொல்லலையா?" என்று கேட்டு, உள்ளே விட்டு, எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. ஜெயராஜ் நடக்கவில்லை. ஆனால் வாய் மட்டும் நன்றாக நடந்தது.

முதுகில் அடிபட்ட எலிக்குத் தானாக மூத்திரம் போகாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கையில் பிடித்து, வயிற்றுக்கு அடியில் கொண்டைக்கடலை மாதிரி தட்டுப்படுகிற பையை மெதுவாக அமுக்கி எடுக்க வேண்டும். இதற்கு ஆள் தேடி துளசிராமன் நான்கு மாதம் அலைந்தார். பி.எஸ்சி. படித்தவர்கள் எல்லாம் ஒரு நாளில் ஓடிப்போனார்கள். ஹெலனிடம், "எலியோட பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"எலியோட இல்ல சார், எங்க ஊட்டுக்காரரோட," என்றாள் ஹெலன். அந்த நிமிஷமே வேலை கொடுத்துவிட்டார்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அதை அப்படியே எலிகளுக்கும் செய்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். பின்னங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். அப்போஸ்தலர்களின் பெயரை வைத்தாள். எலி இருபத்து நான்கு, பெயர் பன்னிரண்டுதானே இருக்கிறது, அதனால் பெரிய பேதுரு, சின்ன பேதுரு என்று இரண்டு செட்டு. அத்தனையும் பெண் எலிகள் என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. யூதாஸ் என்ற பெயரை மட்டும் எந்த எலிக்கும் வைக்க மனசு வரவில்லை.

முதலில் யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி குணசுந்தரி மணவாள நகரிலிருந்து வருபவர். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் திருவள்ளூர் லைனில் ஏறிச் சென்னைப் பக்கம் போய், அங்கே மாறி, கும்மிடிப்பூண்டி லைனைப் பிடிக்க வேண்டும். போக வர நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் அவர் விதிமுறைகள் எழுதினார். ஃபிரைடு ரைஸில் போடுகிற டேஸ்ட் பவுடரும் குளூட்டமேட்தான் என்று எங்கோ படித்துவிட்டு, சிந்தியதைத் தின்று எலிகளுக்கு அது பழகிப்போயிருக்கும் என்று மறுநாளே வளாகத்துக்குள் ஃபிரைடு ரைஸ் வரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். இதை ஹெலன் வீட்டில் போய்ச் சொல்ல, ஜெயராஜ் படுக்கையில் இருந்தபடியே கொதித்தான்.

"நான் வுயுந்ததுக்கு மொத நாளு இன்னா துன்னேன் தெரியுமா? ஃபிரைடு ரைஸு. அந்த வண்டிக்காரன் மேல கேஸ் போடணும்."

"நீ வுயுந்தது ஷீட்டு ஒடைஞ்சி. ஃபிரைடு ரைஸு இன்னாய்யா பண்ணும்?"

"உள்ள இருந்து வேல பாத்துக்கீதுமே. உனுக்கு சயின்ஸு தெர்ல."

ஃபிரைடு ரைஸ் குற்றமற்றது என்று பத்து நாளில் தெரிந்தது. கம்பியின் எடை சரி, தண்ணீர் சரி, தீவனம் சரி. கடைசியில் குணசுந்தரி கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஹெலனைப் பார்த்தார். சாயங்காலம் எழுந்தபோது பதினாறு பக்கம் எழுதியிருந்தார். பணியாளர் எலியுடன் பேசுகிறார். பணியாளர் எலிக்குத் தாலாட்டு மாதிரி ஏதோ பாடுகிறார், கிறிஸ்தவப் பாட்டாக இருக்கலாம், விசாரிக்கவும். பணியாளர் எண்ணெய் தடவுகிறார். பணியாளர் ஒரு எலியிடம் மன்னிப்புக் கேட்டார்.

"ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?" என்றார் குணசுந்தரி.

"கை ஜில்லுன்னு இருந்துச்சி மேடம். அதும் மேல பட்டுச்சி."

இந்தப் பதினாறு பக்கத்தையும் துளசிராமன் இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய், ஹெலனின் கையைத் தூர நின்று பார்த்தார். சாதாரணக் கைதான். டெட்டால் வாசனை. கண்டுபிடிப்பு என்றால் என்னவென்று பத்திரிகைகளில் மட்டுமே படித்திருந்த மனுஷனுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அன்றே எழுதினார்: உங்கள் மருந்தைவிட எங்கள் பணியாளரின் கை நன்றாக வேலை செய்கிறது போலத் தெரிகிறது. அவர்களும் சும்மா இல்லை. அப்படியானால் அதைச் சோதித்து அனுப்புங்கள், எங்கள் 417-ஐ அதன் பிறகு பேசலாம் என்று பதில் போட்டுவிட்டார்கள்.

அதைச் சோதிப்பது என்றால் ஹெலனைச் சோதிப்பது. சோதனைப் பொருள் எதுவானாலும் அதற்கு முறை உண்டு என்றார் குணசுந்தரி. மாத்திரையா, ஊசியா, மனுஷியா என்பது வேறு பேச்சு. விதியில் அந்த வித்தியாசம் இல்லை.

முதலில் லேபிள். பெயர்: ஹெலன் ஜெயராஜ். தொகுதி எண்: 01. தயாரிப்புத் தேதிக்கு அவள் பிறந்த நாளைப் போட்டார்கள். காலாவதித் தேதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அது கர்த்தருக்குத்தான் தெரியும் மேடம்," என்றாள் ஹெலன்.

குணசுந்தரி யோசித்து, 'உற்பத்தியாளரிடம் விவரம் கோரப்பட்டுள்ளது' என்று எழுதினார்.

அடுத்தது மாதிரி. ஒவ்வொரு சோதனைப் பொருளிலும் கொஞ்சம் எடுத்துத் தனியே சீல் வைத்து ஒன்பது வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஹெலனில் கொஞ்சம் எப்படி எடுப்பது? அவள் பெரிய மனது பண்ணி, "எங்க தங்கச்சி விக்டோரியா இருக்குறா மேடம், அவள வேணா வெச்சிக்கோங்க," என்றாள். ஒரே தாய் தகப்பன்தான் என்றாலும் வேறு தொகுதி, செல்லாது என்று குணசுந்தரி மறுத்துவிட்டார். கடைசியில் ஹெலன் போட்டுக் கழற்றிய கையுறை ஒரு ஜோடியைக் கவரில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

சேமிப்பு: இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து டிகிரி, வெயில் படாமல். ஆகவே ஒரு எலியைக் கவனித்து முடித்து அடுத்ததை எடுக்கும் வரை அவள் ஏ.சி. அறையில் போய் உட்கார வேண்டும், பக்கத்தில் தெர்மாமீட்டர். ஒரு நாள் கரண்டு போய் அறை முப்பத்தொன்று டிகிரிக்கு ஏறியபோது, பொருள் கெட்டுவிட்டதா என்று ஆராய ஒரு கூட்டமே போட்டார்கள். பொருள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, தான் நன்றாகத்தான் இருப்பதாகச் சொல்லிற்று.

மருந்து என்றால் டம்மி மருந்தும் வேண்டும். அதற்கு லேபின் தோட்டக்காரர் கலியனைப் பிடித்தார்கள். அதே கையுறை, அதே நேரம், அதே மூத்திரப்பை அமுக்கல். ஆனால் விதியில் எழுதியது மட்டும்தான், அதற்கு மேல் ஒரு தடவல் கூடாது.

"எலிய புடிச்சிக்கினு இருக்கசொல்ல மனசுல ஒன்னும் நெனைக்கக் கூடாதாம், அவ்ளோதான் சார்?"

"ஆமா கலியன். முடியுமா?"

"நான் எப்பவும் அத்தத்தான் சார் பண்ணிக்கினு கீறேன்," என்றார் கலியன்.

முதுகில் அடிபட்ட புது எலிகள், பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று கூட்டம் என்று முடிவாயிற்று. ஏ கூட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே ஹெலன். சி கூட்டத்துக்குக் கடைசி வரைக்கும் கலியன். பி கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் கலியன், பிறகு ஹெலன். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்பதில்தான் துளசிராமனுக்குத் தடுமாற்றம். நிஜமான நோயாளிகளுக்கு இந்த மாதிரிப் பராமரிப்பு எப்போது கிடைக்கிறது என்று புத்தகங்களைப் புரட்டினார். குணசுந்தரி, "கேட்டாப் போச்சு," என்று ஹெலனைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எப்ப ஆரம்பிச்சீங்க?"

"இருவதாம் நாளு மேடம்."

"அப்ப இருபதுன்னே வெச்சுக்கலாம்," என்றார் துளசிராமன். பேனாவை மூடினார்.

ஏ.சி. அறைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகுதான் ஹெலனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முதல் நாள் ஆரம்பித்தால் நடக்கும், இருபதாம் நாள் ஆரம்பித்தால் நடக்காது என்று வந்துவிட்டால்? வராந்தாவில் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த இருபது நாளுக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பாள்? போய் இருபது வேண்டாம், பத்து என்று மாற்றச் சொல்லலாமா என்று எழுந்தாள். தெர்மாமீட்டரைப் பார்க்க வந்த குணசுந்தரி குறிப்பேட்டோடு வாசலில் நின்றார். உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். ஜெயராஜ் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டே மூன்று வருஷத்தை ஓட்டியவன். மூன்று கூட்டம் என்றதும் எழுந்து உட்காராத குறை.

"இருவதாம் நாளா? அப்போ பி தான்மே நம்ம டீமு. ஏ காரன் பணக்காரன். அவன் ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா."

அந்த நாளிலிருந்து அவள் வாசலில் கால் வைத்ததும் முதல் கேள்வி ஸ்கோர். எலிகளின் நடைக்கு இருபத்தொரு மதிப்பெண். பூஜ்யம் என்றால் பின்னங்காலில் அசைவே இல்லை. ஒன்பது என்றால் பின்னங்காலில் உடம்பைத் தாங்கி நிற்கிறது. இருபத்தொன்று என்றால் வாலைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை நடை. வாரத்துக்கு ஒரு நாள் துளசிராமனும் இன்னொருவரும் எலிகளை வட்டத் தொட்டியில் விட்டு மார்க் போட்டார்கள். ஏ கூட்டம் மூன்றாம் வாரத்திலேயே பத்தைத் தொட்டது. இருபதாம் நாள் ஹெலனிடம் வந்தபோது பி கூட்டம் இரண்டில் இருந்தது. அவள் உயிரைக் கொடுத்தாள். ஒரு எலிக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் தொடக் கூடாது, அது அளவுக்கு மீறிய மருந்து என்று குணசுந்தரி கடிகாரத்தோடு நின்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்தாள். ஐந்தாம் வாரமும் பி கூட்டம் இரண்டில்தான் இருந்தது.

"ஸ்கோர் இன்னாமே?" என்றான் ஜெயராஜ்.

அவன் முகத்தைப் பார்த்தாள். "நாலு," என்றாள்.

ஒரு பொய் சொன்னால் அடுத்த வாரம் அதற்குத் தீனி போட வேண்டும். ஆறாம் வாரம் ஐந்தானது. ஏழாம் வாரம் ஏழு. பெரிய பேதுரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தது, சின்ன யாக்கோபு கால் விரலை விரித்தது என்று கதை கட்டினாள். ஜெயராஜ் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டான். எதிர் வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், பால்காரர் என்று தெருவே பி கூட்டத்துக்குக் கச்சை கட்டிக்கொண்டு நின்றது. எட்டாம் வாரம் ஒன்பது என்றாள். நிற்கிறது என்று அர்த்தம்.

ஜெயராஜ் பரணைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "பரண் மேல என் செருப்பு கீது பாரு. எட்த்து தொடச்சி கீய வையி."

அவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். துடைத்து, கட்டிலுக்குக் கீழே ஜோடியாக வைத்தாள். அடுப்படியில் போய் நின்றுகொண்டு தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

லேபிலும் நிலைமை சரியில்லை. ஒன்பதாம் வாரம் கலியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துளசிராமன் முன்னால் வந்து நின்றார்.

"சார், என்னாண்ட வர்ற எலிங்க ஒன்னொன்னா சாவுது. வேற டம்மியப் பாருங்க. எனுக்கு ராவுல சோறு எறங்கல."

"நீங்க எழுதினபடிதானே செய்யறீங்க?"

"எழுதினபடிதான் சார் செய்யறேன். அதான் சாவுது."

பாதியில் டம்மியை மாற்ற விதியில் இடமில்லை. பத்தாம் வாரம் சோதனை முடிந்தது. ஏ கூட்டம் பதினான்கு. பி கூட்டம் இரண்டரை. சி கூட்டத்தில் மீதியிருந்தவை மூன்று. துளசிராமன் அறிக்கையின் கடைசி வரியை ஹெலனுக்குத் தமிழில் சொன்னார். முதல் நாள் முதல் கையாண்டால் பயன் உண்டு. இருபதாம் நாளுக்குப் பிறகு தொடங்கினால் பயன் இல்லை.

"பயனே இல்லியா சார்?"

"புள்ளிவிவரப்படி இல்லைம்மா," என்றார். நல்ல மனிதர்தான். குரல் தாழ்ந்துதான் சொன்னார்.

வெளிநாட்டுக் கம்பெனி இரண்டே நாளில் பதில் எழுதியது. கையைக் குப்பியில் அடைத்து விற்க முடியாது, கைக்குக் காப்புரிமையும் கிடைக்காது. ஆகவே கோப்பு மூடப்படுகிறது. அடுத்த சோதனையில் எலிகளை யாரும் அளவுக்கு மீறிக் கவனிக்காமல் பார்த்துக்கொள்ளவும், 417-ஐ அப்போது மீண்டும் முயலலாம். குணசுந்தரி லேபிளைக் கிழித்து, 'சோதனைப் பொருள் திருப்பி அனுப்பப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதி, ஹெலனிடமே கையெழுத்து வாங்கினார். எங்கே அனுப்பப்பட்டது என்ற இடத்தில் பெத்திக்குப்பம் என்று இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஹெலன் வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக, பதினொன்று என்று சொல்லிவிடலாமா, பன்னிரண்டு என்று சொல்லிவிடலாமா என்றே யோசித்தாள். சொன்னால் அவன் எழுந்து நிற்கப் பார்ப்பான். விழுவான். அதற்கப்புறம் அவனிடம் என்ன ஸ்கோர் சொல்வாள்?

"இன்னிக்கி ஃபைனலாச்சே, ஸ்கோர் இன்னா?" என்றான்.

கையில் பிடித்திருந்த டிபன் டப்பாவைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "ரெண்டரை. எப்பவும் ரெண்டுதான். நாலும் இல்ல, ஏழும் இல்ல, ஒம்போதும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். மொத நாள்லேர்ந்து பாத்துக்கினது நடக்குது. இருவதாம் நாளு ஆரம்பிச்சது நடக்கல. அந்த இருவது நாளு நான் வெளிய குந்திக்கினு இருந்தேன்யா. உள்ள வந்து உன்ன தொட்டிருந்தா நீ நடந்திருப்ப."

ஜெயராஜ் கைக்கெட்டிய தண்ணீர் டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சோறு வேண்டாம் என்றான். அவள் வேளாவேளைக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். கட்டை மாதிரி கிடந்தான். எதிர் வீட்டுக்காரர் ஸ்கோர் கேட்க எட்டிப் பார்த்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்று வருஷத்தில் ஜெயராஜ் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவன் திட்டியிருந்தால் ஹெலனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச் மணி அடித்துவிட்டது. வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, போவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவருகே நின்றாள்.

"எத்தினி செத்துச்சி?" என்றான் ஜெயராஜ், சுவரைப் பார்த்தபடியே.

"இன்னா?"

"எலிம்மே. கலியன் டீமுல எத்தினி செத்துச்சின்னு கேட்டேன்."

"ஒம்போது. பன்னெண்டுல ஒம்போது."

"பி டீமுல?"

"மூணு."

"எப்போ?"

ஹெலன் யோசித்தாள். "மூணுமே இருவது நாளுக்குள்ள. கலியனாண்ட இருக்கசொல்ல."

"உன் கைக்கு வந்த அப்பால?"

இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. துளசிராமன் கேட்கவில்லை, குணசுந்தரி கேட்கவில்லை, கடல் தாண்டிய கம்பெனி கேட்கவில்லை. மதிப்பெண் தாளில் நடைக்குத்தான் கட்டம் இருந்தது. அவள் விரல் விட்டு ஒவ்வொரு கூண்டாக நினைத்துப் பார்த்தாள். மீதி ஒன்பதும் நேற்றுக் காலை வரை தீவனம் தின்றுகொண்டு, மொழுமொழுவென்று, ஒரு புண் இல்லாமல் இருந்தன.

"ஒன்னுகூட சாவல," என்றாள்.

ஜெயராஜ் தலையைத் திருப்பினான். கண் சிவந்திருந்தது, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை போல.

"அந்த வார்டுல எங்க வரிசைல ஆறு பேரு. எல்லாம் முதுகு போனவனுங்க. தானியேலு படுக்கைப் புண்ணு வந்தே செத்தான். ராஜமாணிக்கத்துக்கு கிட்னி பூட்ச்சி. மத்தவனுங்களும் ஒன்னர வருசம் தாண்டல. இன்னிக்கி அந்த வரிசைல யாரு கீறான்?"

ஹெலன் கதவை விட்டுவிட்டுக் கட்டில் பக்கம் வந்தாள்.

"இருவது நாளு, இருவது நாளுன்னு அத்தயே புட்ச்சிக்கினு தொங்குறியே," என்றான் ஜெயராஜ். "அப்பால ஆயிரத்தி முன்னூறு நாளு ஆச்சுமே. அத்த எவன் எண்றது?"

ஹெலன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவன் கீழே விழுந்த நாளிலிருந்து அவள் அழுததில்லை, அழ நேரம் இருந்ததில்லை. அன்றைக்குப் பூசை முடிந்து ஜனங்கள் தெருவில் திரும்பி வருகிற வரைக்கும் அழுதாள்.